பசியமர்த்த ஓர் அறை

அன்புள்ள சகோதரிக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய பயணக் குறிப்பில், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பின்னால் போய் உட்காரச் சொன்னதைக் கண்டித்திருந்தீர்கள். படித்ததிலிருந்தே எழுத வேண்டும் என்றிருந்தேன்.

நான் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. தாய்ப்பாலின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் போன வாரம் நானும் மனைவியும் பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு பெண். சுடிதார் போட்டிருந்தார், பார்த்தால் படித்த பெண்ணாகத்தான் தெரிந்தார். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தார். மேலே துணிகூடச் சரியாகப் போடவில்லை. ஒரு கையில் செல்போன் வேறு. இருபதடி தள்ளி ‘தாய்மார்கள் பாலூட்டும் அறை’ என்று பெரிதாக எழுதி ஓர் அறை இருக்கிறது. அரசாங்கம் அதற்குத்தானே கட்டிக்கொடுத்திருக்கிறது? என் மனைவியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் அம்மா காலத்தில் பெண்கள் இப்படியா இருந்தார்கள்?

கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுவீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

சகோதரி என்று எழுதிவிட்டீர்கள், நானும் அந்த உரிமையில் பேசுகிறேன். கோபமெல்லாம் இல்லை. ‘இருபதடி தள்ளி’ என்று கண்ணாலேயே அளந்திருக்கிறீர்கள். அந்த இருபதடியை நடந்துபோய் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தீர்களா?

நான் தள்ளிப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் தங்கை மகளையும் அவள் ஐந்து மாதப் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுவிடப் போனோம். தெற்கே ஒரு ஊர்ப் பேருந்து நிலையம், பேர் வேண்டாம். மே மாதத்து மத்தியானம். பிள்ளை வீறிட ஆரம்பித்துவிட்டது. அறைக் கதவில் பூட்டு. சாவி டைம் கீப்பரிடம் இருக்கும் என்றார் பக்கத்தில் பூ விற்கிற அம்மா. டைம் கீப்பர் சாப்பிடப் போயிருந்தார். வந்து, மேஜை டிராயரைத் துழாவி, கொத்திலிருந்து நாலைந்து சாவிகளைப் போட்டுப் பார்த்துத் திறந்தால், உள்ளே தண்ணீர் சொட்டுகிற மாப்பு, பினாயில் கேன், கால் உடைந்த நாற்காலி, ஏதோ கூட்டத்துக்குக் கட்டி அவிழ்த்துச் சுருட்டிய தட்டி. மின்விசிறி இருந்தது. சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்து கேவிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குச் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. பிள்ளை அழுகிற சத்தம் காதில் விழுந்தாலே பால் இறங்கிவிடும், அதை நிறுத்தி வைக்க அவளால் முடியாது. பூக்காரம்மாதான் தன் கூடைக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்தார். “இப்படி உக்காந்து பசியமர்த்து தாயி” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூக்கட்டத் தொடங்கினார். பேருந்து வரும்வரை அந்த முதுகுதான் எங்களுக்கு மறைப்பு.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி, அன்றைய முதல்வர் ஜெயலலிதா பேருந்து நிலையங்களில் 352 அறைகளைத் திறந்து வைத்தார். பல மாநிலங்கள் யோசிக்காத காலத்தில் செய்த காரியம். நல்லபடி துடைத்து, தண்ணீர் வைத்து, ஆயா ஒருவர் உட்கார்ந்திருக்கிற அறைகளையும் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அறையோடு சேர்ந்து ஒரு பேச்சும் வந்துவிட்டது: ‘அதான் ரூம் இருக்கே.’ ஒதுங்க நினைக்கிறவளுக்கு ஒரு இடம் என்று கட்டியது, பத்து வருடத்தில் எல்லோரும் ஒதுங்கியே ஆக வேண்டும் என்ற உத்தரவாகிவிட்டது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இது ஒன்றுதான்.

பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதில் எத்தனை தடவை பேருந்து நிலையத்தில் விழும்? அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசை, ரேஷன் கடை, ஆதார் மையம், கோயில் க்யூ, ஓடுகிற டவுன் பஸ், எங்கே அறை இருக்கிறது? ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது பழமொழி. உண்மையில் அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே பிள்ளை கையை வாயில் வைத்துச் சப்பும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடும். அப்போதே கொடுத்துவிட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். நேரம் தள்ளிப்போனால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலி, சில சமயம் காய்ச்சல். இதற்குப் பயந்தும் கூச்சத்துக்குப் பயந்தும் பயணத்துக்கென்றே புட்டியும் பவுடரும் வாங்குகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்புறம், ‘அம்மா காலம்’. என் அப்பாவின் அம்மா நடவுக்குப் போனவர். வரப்பில் வேப்பமரத்துக் கிளையில் ஏணை கட்டியிருக்கும். பிள்ளை சிணுங்கினால் சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பிவிட்டு வந்து வரப்பிலேயே உட்கார்ந்து கொடுப்பார். நாற்று முடி தூக்குகிற ஆண்கள் அந்த வரப்பு வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். திண்ணையில் கொடுத்தார்கள், கல்யாணப் பந்தலில் கொடுத்தார்கள், தெருக்கூத்து பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். முந்தானையை இழுத்து மூடுவார்கள், உண்மைதான். எங்கள் வீட்டில் அதற்குச் சொன்ன காரணம் வேறு: “பால் குடிக்கிற பிள்ளையைப் பாக்காத, கண்ணு பட்டுடும்.” பிள்ளைக்குக் கண்ணேறு படக்கூடாது, பால் வற்றிவிடக்கூடாது என்றுதான் மூடினார்கள். எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சில் குற்றம் பார்க்கிறவன் கண்ணில் இருந்தது. இப்போது அதைக் கொடுக்கிறவள் தலையில் வைத்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சோழர் செப்புப் படிமம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நம் ஊரில் வார்த்தது. யசோதை மடியில் கிருஷ்ணன் பால் குடிக்கிறான். அவள் மேல் ஒரு துண்டைப் போட அந்த ஸ்தபதிக்குத் தோன்றவில்லை.

சுடிதார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஆண்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. புடவைக்கு முந்தானை என்கிற திரை கூடவே பிறந்தது. முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையில் கீழ் இரண்டு கொக்கிகளைக் கழற்றினால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சுடிதார் டாப்ஸில் அது நடக்காது. கீழிருந்து தூக்க வேண்டும், இடுப்பு தெரியும், துப்பட்டா வழுக்கும். மே மாத வெயிலில் தலைக்கு மேல் துணி போட்டால் வியர்த்துப்போய் பிள்ளையே காலால் உதைத்துத் தள்ளிவிடும். துணி ‘சரியாகப் போடவில்லை’ என்றீர்களே, பெரும்பாலும் அது பிள்ளையின் வேலையாக இருக்கும். செல்போன் விஷயத்துக்கு என்ன சொல்ல! இருபது நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும் அண்ணா. பேருந்து எங்கே வருகிறது என்றுகூடப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

‘படித்த பெண்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் மணல் குவியல் மேல் உட்கார்ந்து சித்தாள் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. அவளுக்கு மானம் இருக்கும் என்று நாம் நினைப்பதே இல்லையோ என்னவோ. கூலிக்காரி கொடுத்தால் கண்ணில் படாது, சுடிதார் போட்ட பெண் கொடுத்தால் கண்ணை உறுத்தும் என்றால், உறுத்துவது பால் கொடுப்பது இல்லை.

மறைப்பதைக் கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம், அது திருவிதாங்கூராக இருந்தபோது, மேல்துணி போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல வருடம் அடி வாங்கினார்கள். 1859இல்தான் அரச ஆணை வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுவது மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. இன்று மூடு என்று சொல்கிற அதே ஊர் அதிகாரம்தான் அன்று போடாதே என்றும் சொன்னது. போடுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

2018இல் கேரளத்தில் ஒரு மலையாளப் பத்திரிகை, முறைத்துப் பார்க்காதீர்கள் என்ற கோரிக்கையோடு, பால் கொடுக்கும் பெண்ணை அட்டையில் போட்டது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் ஆபாசம் எதுவும் இல்லை என்று தள்ளுபடி செய்தது. எனக்கு அந்த அட்டைப்படம் பெரிதாகப் பிடிக்கவில்லை. படத்தில் இருந்தவர் மாடல், அந்தக் குழந்தையின் தாய் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் களைப்பு அந்தப் படத்தில் எங்கே? போகட்டும். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் வேண்டும் என்ற வழக்கில் உத்தரவு பிறப்பித்தபோது, பொதுவில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. அறையும் வேண்டும், பெஞ்சும் வேண்டும். நான் கேட்பதும் அதுதான்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றீர்கள். அருவருப்பில்தான் திருப்பினார் என்று அவர் சொன்னாரா, நீங்களாக நினைத்துக்கொண்டீர்களா? எங்கள் பூக்காரம்மாவும் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். உங்கள் மூத்த பிள்ளைக்கு எங்கெங்கே வைத்துப் பசியமர்த்தினார் என்று இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள். பட்டியல் நீளமாக வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த முறை அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போகும்போது அந்த அறைக் கதவை ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். திறந்திருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா, மாப்பு எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். அப்படியே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி