பனிமலைக்கு ஒரு செட்டு கிளம்புது: கேள்வி பதில்

டிசம்பர் கிட்ட வந்தாலே "அக்கா, பனிமலை ஏறணும்"னு நம்ம வடசென்னைப் பிள்ளைங்க கேக்க ஆரம்பிச்சிடுறாங்க. பெரம்பூர்ல இருந்து ஒரு செட்டா சேர்ந்து குளிர்காலத்துல உத்தராகண்ட் மலை ஏறப் போறவ நான். டாக்டர் இல்ல. அதனால மாத்திரை விஷயத்துல நான் சொல்றதை உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

தண்டையார்பேட்டையிலிருந்து: நாங்க ஆறு பேர். பனியை டிவியில பார்த்ததோட சரி. ஜனவரியில எந்த மலை ஏறலாம்? ஃப்ரெண்ட்ஷிப் பீக்னு ஒண்ணு இருக்காமே, பேரே எங்களுக்குன்னு வச்ச மாதிரி இருக்கு.

பேரைப் பார்த்து மயங்காதீங்க தம்பி. மணாலிப் பக்கம் இருக்கிற அந்த மலை 5,289 மீட்டர். கயிறு, ஐஸ் கோடாலி எல்லாம் பழகினவங்க போற இடம். ஜனவரியில அந்தப் பேச்சே வேணாம்.

முதல் தடவைக்கு கேதார்கண்டா போதும். உத்தரகாசி மாவட்டம், உயரம் 12,500 அடி, அதாவது சுமார் 3,800 மீட்டர். டேராடூன்ல காலையில வண்டி ஏறினா முசூரி, புரோலா, மோரி வழியா சாயங்காலம் சாங்க்ரி கிராமம் வந்துடும். நடை அங்கிருந்துதான். முதல் நாள் பைன் காட்டுக்குள்ள ஏறி ஜூடா கா தாலாப்ங்கிற குளத்துக்கிட்ட தங்கல், மறுநாள் பேஸ் கேம்ப். அடுத்த நாள் விடியகாலை 3 மணி வாக்குல தலையில டார்ச் மாட்டிக்கிட்டுக் கிளம்பினா சூரியன் வர்ற நேரத்துக்கு உச்சி. ஸ்வர்காரோஹிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் எல்லாம் எதிர்ல வரிசையா நிக்கும்.

லோக்கல் கைடு இல்லாம போகாதீங்க. ராத்திரி பனி விழுந்தா காலையில பாதைன்னு ஒண்ணு இருந்த அடையாளமே இருக்காது.

வியாசர்பாடியிலிருந்து: நான் ஃபுட்பால் ப்ளேயர். 90 நிமிஷம் நிக்காம ஓடுவேன். எனக்குத் தனியா பயிற்சி எதுக்குக்கா?

காலுக்கு வேணா தேவைப்படாது. ஆனா உயரம் உங்க ஸ்டாமினாவைப் பார்த்து மரியாதை குடுக்காது. நாம இருக்கிறது கடலோரம். கேதார்கண்டா உச்சியில ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜன், இங்க கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்கு உடம்பு பழக நாள் வேணும். ஓடிப் பழகினா மூச்சு வாங்குறது குறையும், ஆனா உயரத்துக்கு உடம்பு பழகாததால வர்ற மலை நோய் வராதுன்னு சொல்ல முடியாது. இன்னும் சொன்னா, வேகமா ஏறக்கூடியவங்கதான் பழகுறதுக்கு நேரம் குடுக்காம ஏறி மாட்டிக்கிறாங்க. 2,500 மீட்டர் தாண்டினா யாருக்கும் வரலாம்.

தலைவலியோட குமட்டல், சாப்பாடு பிடிக்காம போறது, அசதி, தலைசுத்தல்: இதுல ஏதாவது சேர்ந்து வந்தா அன்னிக்கு மேல ஏறக் கூடாது. அதே இடத்துல ஓய்வு, குறையலைன்னா இறக்கம். ஒருத்தன் குடிச்சவன் மாதிரி தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு இரைச்சாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மூளையிலயோ நுரையீரல்லயோ நீர் கோக்க ஆரம்பிச்சதுக்கு அடையாளம் அது. அந்த ராத்திரியே கீழ இறக்கணும். சந்தேகமா இருந்தா, கயித்து மேல நடக்கிற மாதிரி குதிகாலை விரலோட ஒட்ட வச்சு நேர்கோட்டுல நடக்கச் சொல்லுங்க. நடக்க முடியலைன்னா பேச்சே இல்ல.

டயாமாக்ஸ் மாத்திரை பழகுறதுக்கு உதவும். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.

பயிற்சிக்கு நம்ம ஊர்ல ஏத்தம்னா ஃப்ளைஓவர்தான், அது பத்தாது. அலிபிரி வழியா திருமலைக்கு 3,550 படி இருக்கு. முதுகுல எட்டு கிலோ பையோட ஏறுங்க. இறங்கும்போதுதான் முட்டிக்கு வேலை, அதனால அதையும் நடந்தே இறங்குங்க, பஸ் பிடிக்காதீங்க.

காசிமேட்டிலிருந்து: நாள் பூரா மீனுக்கு ஐஸ் உடைச்சுப் போடுற கை இது. குளிரெல்லாம் நமக்கு ஜுஜுபி. க்ளவுஸ், ஜாக்கெட்னு செலவு பண்ணணுமா?

உங்க கை உரம் ஏறின கைதான் அண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா ஹார்பர்ல கை மட்டும்தான் ஐஸ்ல, உடம்பு வெயில்ல. அங்க உடம்பும் சேர்ந்து குளிரும்போது, உடம்பு முதல்ல கைவிடுறதே கை கால் விரலைத்தான். ரத்தத்தை உள்ள இழுத்துக்கும். விரல் மரத்துப் போய் வெள்ளையா மெழுகு மாதிரி ஆனா, பனியால தேய்க்காதீங்க. நெருப்புல காட்டாதீங்க. அக்குளுக்குள்ள வச்சுக்கிட்டு கைடைக் கூப்பிடுங்க.

உடைக்கு ஒரே சட்டம்: பருத்தி கூடாது. ஏறும்போது வேர்க்கும், பனியன் ஊறும், நின்ன உடனே அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ஒட்டின மாதிரி பாலியஸ்டர் இல்லனா கம்பளி, மேல ஃப்ளீஸ்ங்கிற மெத்துன்னு இருக்கிற சட்டை, அதுக்கு மேல காத்தும் ஈரமும் புகாத ஜாக்கெட். உப்பலா இருக்கிற தடி ஜாக்கெட் நடக்கும்போது போட இல்ல, நிக்கும்போது போட. கிளம்புறப்ப லேசா குளிரணும். கதகதன்னு இருந்தா ஒரு உடுப்பு ஜாஸ்தின்னு அர்த்தம்.

காசு போட்டு வாங்க வேண்டியது ஷூ ஒண்ணுதான். வாங்கி ஒரு மாசம் இங்கயே போட்டு நடங்க. ஷூ அடியில மாட்டுற முள்ளு, பனி உள்ள போகாம முழங்கால் வரை கட்டுற உறை, கைத்தடி எல்லாம் சாங்க்ரியில வாடகைக்கே கிடைக்கும். கூலிங் கிளாஸ் மட்டும் பர்மா பஜார்ல அழகு பார்த்து வாங்காதீங்க. புதுப் பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும். யுவி 400 கண்ணாடி இல்லைன்னா சாயங்காலம் கண்ணுல மணலைக் கொட்டின மாதிரி எரியும்.

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து: மேல போய் ஒரு குவார்ட்டர் போட்டா சூடா இருக்குமா?

தோல் சூடாகும், உடம்பு ஆறும். கூடவே மலை நோய் எது, போதை எதுன்னு யாருக்கும் தெரியாம போகும். வேணாம்.

ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா: பையன் கூட்டாளிங்களோட கேதார்நாத் போறேங்கிறான். பனிச்சரிவுல செத்தாங்கன்னு நியூஸ்ல பார்த்தேன். அனுப்பலாமா?

அம்மா, அவன் போறது கேதார்நாத் இல்ல, கேதார்கண்டாவா இருக்கும். கேதார்நாத் கோயில் தீபாவளி முடிஞ்ச கையோட நடை சாத்திடுவாங்க. சாமி குளிர்காலம் பூரா ஊக்கிமடத்துலதான்.

நீங்க பார்த்த நியூஸ் 2022 அக்டோபர்ல திரௌபதி கா டண்டா மலையில நடந்ததுன்னு நினைக்கிறேன். உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தோட குழு பனிச்சரிவுல சிக்கி 29 பேர் போயிட்டாங்க. அதே மாவட்டம்தான், ஆனா அது 5,000 மீட்டருக்கு மேல, பனியாறு இருக்கிற மலை. பனிச்சரிவு பெரும்பாலும் 30லிருந்து 45 டிகிரி சாய்வுல நடக்கும். கேதார்கண்டா பாதை நிறைய தூரம் காடும் முகடுமா போறதால அந்த ஆபத்து கம்மி. ஆபத்தே இல்லைன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.

நீங்க அவன்கிட்ட கேக்க வேண்டியது மூணு: கைடு யாரு, ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருதா, பனி கொட்டினா திரும்பி வர ஒரு நாள் உபரியா வச்சிருக்கீங்களா. மூணுக்கும் முழிச்சான்னா அனுப்பாதீங்க. சாங்க்ரி தாண்டினா போன் எடுக்கலைன்னு பயப்படாதீங்க, சிக்னலை நம்ப முடியாது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை: பொண்ணுங்க நாங்க மூணு பேர். பீரியட்ஸ் வந்தா? ராத்திரி பாத்ரூம்?

பீரியட்ஸ் வந்தாலும் ஏறலாம்மா, உயரத்துக்கும் அதுக்கும் பகை இல்ல. குளிரும் அலைச்சலும் தேதியை முன்னபின்ன தள்ளும், அதனால கணக்குப் பார்க்காம எடுத்துட்டுப் போங்க. ஈரத் துடைப்பான் உறைஞ்சு கல்லாயிடும், ராத்திரி தூங்குற பைக்குள்ள வச்சுக்கணும். பயன்படுத்தினதை ரெண்டு கவர்ல கட்டிக் கீழ கொண்டு வாங்க. பனிக்குள்ள புதைச்சா மார்ச்ல அப்படியே வெளிய வரும்.

ராத்திரி எழுந்துக்கணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, அது பெரிய தப்பு. டென்ட்டை விட்டு வெளிய போனா இன்னொருத்தியை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம், தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க. தண்ணி மேலிருந்துதான் உறையும். தலைகீழா வச்சா அடிப்பக்கம் உறையும், மூடி திறக்கும்.

திருவொற்றியூரிலிருந்து: சோறு கிடைக்குமா?

கிடைக்கும். பேஸ் கேம்ப்ல தண்ணி 90 டிகிரிக்குள்ளயே கொதிச்சிடுறதால குக்கர் இல்லாம அரிசி லேசுல வேகாது. பருப்பும் ரொட்டியும்தான் ஜாஸ்தி. ஊறுகாய் பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, பசி செத்துப் போற இடத்துல அதுதான் சாப்பிட வைக்கும்.

மறுபடியும் தண்டையார்பேட்டை: எங்க செட்டுல ஒருத்தன் கொஞ்சம் குண்டு. அவனால முடியலைன்னா கேம்ப்ல விட்டுட்டு நாங்க மட்டும் உச்சிக்குப் போலாமா?

இதை இப்பவே பேச ஆரம்பிச்சது நல்லது. ஆனா நான் பயப்படுறது அவனைப் பத்தி இல்ல. குண்டா இருக்கிறவன் மெதுவா நடப்பான், தண்ணி குடிப்பான், கைடு சொன்னதைக் கேப்பான். ராத்திரி முழுக்கத் தலை வெடிச்சும் "நம்மளால பசங்க பிளான் கெடக் கூடாது"ன்னு வாயைத் திறக்காம இருக்கான் பாருங்க, அவன்தான் ஆபத்து. நம்ம ஏரியா நட்புல இந்த வீம்பு ஜாஸ்தி. மச்சான் முன்னாடி முடியலைன்னு சொல்ல மாட்டோம், சொன்னவனை ஒரு வருஷம் ஓட்டுவோம்.

அதனால சென்ட்ரல்ல ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே உக்காந்து முடிவு பண்ணுங்க. முடியலைன்னு சொல்றவனை யாரும் கலாய்க்கக் கூடாது. தினம் காலையிலயும் ராத்திரியும் ஒவ்வொருத்தனும் தலைவலி இருக்கா இல்லையான்னு வாயைத் திறந்து சொல்லணும். நடக்கும்போது மெதுவானவன் கைடுக்கு அடுத்து ரெண்டாவது, வேகமானவன் கடைசி. உச்சி நாள்ல திரும்புற நேரத்தை கைடு முன்னாடியே சொல்லிடுவார். அந்த நேரம் ஆச்சுன்னா உச்சி கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் திரும்பணும், வெயில் ஏறினா பனி இளகி இறக்கத்துல கால் நிக்காது.

சும்மா களைப்புன்னா அவன் கேம்ப்ல சமையல்காரரோட இருக்கலாம், நீங்க போலாம். மலை நோய் அறிகுறி இருந்தா தனியா விடக் கூடாது. ஒரு கைடோட உங்கள்ல ஒருத்தனும் அவனோட கீழ இறங்கணும். அந்த ஒருத்தன் யாருன்னும் இங்கயே பேசிடுங்க. விடியகாலை 3 மணிக்கு அந்தக் குளிர்ல கேட்டா எல்லாரும் ஷூ லேஸைப் பார்ப்பீங்க.

பேசின் பிரிட்ஜிலிருந்து: ட்ரெயின்லயே போயிடலாமா?

தாராளமா. ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மூணாம் நாள் காலையில டெல்லி, அங்கிருந்து டேராடூன். முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, முன்ன மாதிரி 120 இல்ல. டிசம்பர், ஜனவரியில டெல்லிப் பக்கம் மூடுபனியால வண்டி மணிக்கணக்கா லேட்டாகும், அதனால இறங்கின அன்னிக்கே அடுத்த வண்டியை நெருக்கி எடுக்காதீங்க. ஸ்வெட்டரைப் பைக்கு அடியில திணிச்சு வைக்காதீங்க, போபால் தாண்டின உடனே ஸ்லீப்பர்ல தேடுவீங்க.