டர்போ காருக்கு 87 போதுமா? பாவூர்சத்திரத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் அம்பாசமுத்திரத்தில் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். லீவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நீங்கள் அமெரிக்காவில் டென்வர் போய் இரண்டு மாதம், 2019 மாடல் ஹோண்டா சிஆர்-வி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் "டர்போ வண்டி, பிரீமியம் பெட்ரோல்தான் போடணும், இல்லையென்றால் இன்ஜின் போய்விடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பங்கில் போய் நின்றால் 85, 87, 91 என்று மூன்று பொத்தான். நம்ம ஊரில் 91 என்பது சாதா பெட்ரோலாக இருந்தது, இங்கே அதுவே பிரீமியமா, எதைத்தான் போட அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறீர்கள்.

87 போடுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த நிறுவனமே 87 அல்லது அதற்கு மேல் என்றுதான் எழுதியிருக்கிறது. 91 போட்டால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை, உங்கள் காசுதான் கரியாகும். 85 பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீர்கள். அவசரமாகக் கேட்டவருக்கு இது போதும். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த வண்டி வாங்கும்போது யாரும் உங்களை மிரட்ட முடியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 91 குழப்பம். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று ரிசர்ச், இன்னொன்று மோட்டார். மோட்டார் சோதனையில் இன்ஜினைக் கூடுதல் சூட்டிலும் வேகத்திலும் ஓட்டுவதால் அதே பெட்ரோலுக்கு எண் குறைவாகத்தான் வரும். இந்தியாவில் ரிசர்ச் எண்ணைச் சொல்கிறோம், அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிச் சொல்கிறார்கள். நம் ஊர் சாதா பெட்ரோலுக்கு முன்பு விதித்திருந்த குறைந்தபட்ச அளவு ரிசர்ச்சில் 91, மோட்டாரில் 81. சராசரி 86. அதாவது பாளையங்கோட்டையில் நீங்கள் பைக்குக்குப் போட்ட அந்த 91-ம், டென்வரில் மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கிற 87-ம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. அங்கே 91 என்பது நம்ம ஊரில் 95 என்று கூடுதல் விலைக்கு விற்றார்களே, அதற்குச் சமம்.

சரி, இந்த எண் எதைக் குறிக்கிறது? பலரும் பெட்ரோலின் சத்து என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு, ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும்வரை, அந்தத் தீ வந்து சேரும்வரை, தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கும் குணம்தான் ஆக்டேன். வைக்கோற்போரின் ஒரு ஓரத்தில் வைத்த தீ சீராகப் பரவி மறு ஓரத்துக்கு வர வேண்டும். வருவதற்குள் அந்த ஓரம் தானாகக் குப்பென்று பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? சிலிண்டருக்குள் அப்படி நடப்பதைத்தான் நாக்கிங் என்கிறோம். அந்த அதிர்ச்சி பிஸ்டன் தலையில் போய் அடிக்கிறது.

அந்தச் சத்தத்தை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அப்பா வாடகைக்கு அம்பாசடர் ஓட்டினார். ஐயப்பன் சீசனில் செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும்போது, வண்டி நிறைய ஆள், மேலே கேரியர் நிறைய மூட்டை. மூன்றாவது கியரில் கொஞ்சம் அழுத்தினால் போதும், பித்தளைச் சொம்புக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினதுபோல ஒரு கிலுகிலுப்பு பானட்டுக்குள்ளிருந்து வரும். அப்பா உடனே காலை எடுத்துவிட்டு ஒரு கியர் குறைப்பார். சத்தம் நின்றுவிடும். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை அது திரும்பி வந்தால் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு திருப்பி வைத்து மறுபடி இறுக்குவார். டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது. ஸ்பார்க் கொஞ்சம் தாமதமாக வந்தால் அழுத்தம் குறையும், நாக்கிங் நிற்கும், கூடவே இழுவையும் குறையும். "எவனோ மண்ணெண்ணெயக் கலந்து ஊத்திட்டான்" என்று திட்டிக்கொண்டேதான் மிச்ச மலையையும் ஏற்றுவார். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கும் என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை, காதே சொல்லிவிடும்.

இப்போது டர்போவுக்கு வருவோம். பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி ஆடிக் காற்றில் காற்றாலை சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டர்போவில் ஒரு சிறிய விசிறியை இன்ஜினின் புகையே சுற்றிவிடுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டி எரிக்கலாம், ஒன்றரை லிட்டர் இன்ஜின் பெரிய இன்ஜின்போல இழுக்கும். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குப் பம்பு அடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். சூடும் அழுத்தமும் சேர்ந்தால் நாக்கிங். அதனால்தான் ஒரு காலத்தில் டர்போ என்றாலே பிரீமியம் என்று இருந்தது. வண்டி விற்றவர் உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கேட்டு வளர்ந்த பாடம் அது.

பிறகு மூன்று விஷயங்கள் மாறின. அமுக்கிய காற்றை ஒரு ரேடியேட்டர் வழியே அனுப்பிக் குளிரவைத்த பிறகே உள்ளே விடுகிறார்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். மண்பானையில் நீர் ஆவியாகித் தண்ணீரைக் குளிரவைப்பதுபோல, அந்தப் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றின் சூடு இறங்குகிறது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்ஜின் பிளாக்கில் திருகிவைத்த நாக் சென்சார். அந்தக் கிலுகிலுப்பு நம் காதுக்கு எட்டும் முன்பே அது கேட்டுவிடும். கம்ப்யூட்டர் அடுத்த சுற்றிலேயே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், தேவைப்பட்டால் டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். அப்பா மலைப்பாதை ஓரத்தில் ஸ்பானரோடு நின்று செய்ததை இப்போது கண் இமைக்கும் நேரத்தில் வண்டியே செய்துகொள்கிறது.

அப்படியானால் 85 போட்டாலும் வண்டி சமாளித்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டென்வர் போன புதிதில் ஒரு டர்போ வண்டி வாங்கினேன். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் பிரீமியம் கட்டாயம் என்று எழுதியிருந்தது. விலையைப் பார்த்து மலைத்து 85 போட்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஜூலை மாதம் அப்பா அம்மா வந்திருந்தார்கள். ஐந்து பேர், ஏசி ஓட, மலைமேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கச் சாலைக்கு ஏறினோம். அது 11,000 அடிக்கு மேல். நம் பொதிகை உச்சியே 6,100 அடிச் சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் முன்சீட்டில் இருந்த அப்பா சட்டென்று ஏசியை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். "ஏல, நாக் அடிக்குல்லா. என்னத்த ஊத்துன? கால எடு." அதே புளியங்கொட்டைச் சத்தம். இன்னும் இரண்டு மைல் போவதற்குள் இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. சென்சார் பின்வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டி நான் தள்ளியிருந்தேன். இறங்கிவந்து 91 நிரப்பி ஓட்டிய பிறகு சரியானது. பிஸ்டன் தப்பியது அப்பா காதால்தான்.

85 அங்கே விற்கக் காரணம் உண்டு. டென்வர் 5,280 அடி உயரம், காற்று லேசு. டர்போ இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதனாலேயே குறைவாக இருந்தது, 85 தாங்கியது. டர்போ அந்த லேசான காற்றையும் அமுக்கித் திணித்துவிடுகிறது, ஆகவே மலை தந்த சலுகை உங்களுக்குக் கிடையாது. தப்பித்தவறி 85 போட்டுவிட்டால் பதற வேண்டாம். மெதுவாக ஓட்டி, பாதி டேங்க் ஆனதும் 91 நிரப்புங்கள், கலந்து ஏறக்குறைய 88 ஆகிவிடும்.

இன்னொன்று, ஈ85 என்று வேறு ஒரு குழாய் சில பங்குகளில் இருக்கும். எண் ஒன்றுதான், சரக்கே வேறு. அதில் பாதிக்கு மேல் எத்தனால், அதற்கென்று செய்த வண்டிக்கு மட்டும்தான். உங்களுடையது அந்த வகை இல்லை.

இனி உங்கள் வண்டியைத் தாண்டி ஒரு வார்த்தை. மூடியிலும் கையேட்டிலும் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். 'கட்டாயம்' என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, பிரீமியம்தான். 'பரிந்துரை' என்று இருந்தால் சாதாவிலும் ஓடும், இழுவை கொஞ்சம் குறையும். மாஸ்டா சிஎக்ஸ்-5 வண்டியின் 2.5 லிட்டர் டர்போவுக்கு அந்த நிறுவனமே 2019-இல் 93 போட்டால் 250 குதிரைத்திறன், 87 போட்டால் 227 என்று வெளிப்படையாக அறிவித்தது. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2017-இல் இப்படிப் பரிந்துரை வகை வண்டிகளைச் சோதித்தபோது பிரீமியத்தால் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. விலையோ அதைவிடப் பல மடங்கு கூடுதல்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14 காலன் டேங்க். காலனுக்கு 80 சென்ட் வித்தியாசம் என்று வைத்தால் ஒரு தடவை நிரப்ப 11 டாலர் அதிகம். வருடம் 12,000 மைல், காலனுக்கு 29 மைல் என்றால் சுமார் 330 டாலர். நம் காசுக்குக் கால் லட்சத்துக்கு மேல். ஊரில் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிரீமியம் இன்ஜினைச் சுத்தம் செய்யும் என்றும் சொல்வார்கள். சுத்தம் செய்வது ஆக்டேன் அல்ல, கலக்கும் டிடர்ஜென்ட். 'டாப் டியர்' முத்திரை இருக்கும் பங்காகப் பாருங்கள். அந்த முத்திரை இருந்தால் 87-இலும் அதே தர டிடர்ஜென்ட் இருக்க வேண்டும் என்பது விதி.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை ஆயில் மாற்றுவதற்குச் செலவழியுங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அது மிதப்பது ஆயில் படலத்தில்தான். 0டபிள்யூ-20 சிந்தெடிக், கையேடு சொல்கிற நேரத்துக்குத் தள்ளிப்போடாமல். பழைய வண்டி என்பதால் முதல் தடவை இப்போதே மாற்றிவிடுங்கள், முந்தைய ஆள் எப்போது மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மலைக்குப் போவதாகச் சொன்னீர்கள். 87-ஓடே தாராளமாகப் போகலாம். ஏற்றத்தில் கியர் தானாக இறங்கி இன்ஜின் உறுமினால் பயப்படாதீர்கள், அது சரியான சத்தம். புளியங்கொட்டைச் சத்தம் கேட்டால் மட்டும் காலை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை போனில் பதிவு செய்யச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். அப்பா இங்கேதான் ஈசிச்சேரில் இருக்கிறார், அவரிடம் போட்டுக் காட்டுகிறேன்.