முதல் வேலை கிடைத்துவிட்டது, இரண்டாவது வேலை எங்கே?

வணக்கம் அம்மா.

உங்கள் மகனின் இரண்டு ஆஃபர் லெட்டரையும் படித்துவிட்டேன். ஒன்று கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசேயில், வருடத்துக்கு 1,35,000 டாலர். இன்னொன்று ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி என்ற ஊரில், 1,08,000 டாலர். “பேரே கேள்விப்படாத ஊருக்கு, அதுவும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு எதற்குப் போக வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவனைக் கேட்டால் “மலை அழகா இருக்கும்மா” என்கிறானாம். உங்கள் பயத்திலும் தப்பில்லை, அவன் ஆசையிலும் தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு இரண்டும் போதாது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பாய்ஸி ஐடஹோவின் தலைநகரம். 2020 கணக்கெடுப்பின்படி நகருக்குள் சுமார் 2,35,000 பேர். ஒட்டியிருக்கும் மெரிடியன், நாம்பா எல்லாம் சேர்த்தால் ஏழரை லட்சத்தைத் தாண்டும். மெமரி சிப் செய்யும் மைக்ரான் 1978இல் அங்கேதான் தொடங்கியது, தலைமையகம் இன்றும் அங்கேதான். ஹெச்பி 1970களிலேயே அங்கே வந்துவிட்டது. ஆபீஸ்களில் நாம் பார்க்கும் லேசர்ஜெட் பிரிண்டர் அங்கே பிறந்ததுதான். ஆகவே நீங்கள் பயப்படுவதுபோலக் காடு இல்லை. ஊர்க்காரர்கள் ‘பாய்-ஸி’ என்று ‘ஸி’யைச் சீறிச் சொல்வார்கள். ‘பாய்-ஜி’ என்றால் வெளியூர் ஆள் என்று வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பையனை இப்போதிருந்தே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. 27,000 டாலர் வித்தியாசம் என்பது காகிதத்தில்தான். கலிபோர்னியாவில் இந்தச் சம்பளத்தின் மேல்பகுதிக்கு 9.3 சதவீதம் மாநில வரி போகும். ஐடஹோவில் 2025 முதல் ஒரே விகிதம், 5.3. மத்திய வரியையும் கழித்துவிட்டால், சான் ஹோசேயில் மாதத்துக்குக் கூடுதலாகக் கைக்கு வருவது 1,300 டாலருக்குப் பக்கம் இருக்கும். அதில் பெரும்பகுதியை அந்த ஊர் வாடகையே விழுங்கிவிடும். கார் இரண்டு ஊரிலும் வேண்டும். பாய்ஸியில் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். பணத்தை வைத்து மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

நான் எந்த மாணவனிடமும் கேட்கும் கேள்வி வேறு. இந்த வேலை இரண்டு வருடத்தில் போய்விட்டால், வீட்டை மாற்றாமல் அடுத்த வேலைக்கு எந்தக் கம்பெனிக்குப் போவாய்? பெயரோடு சொல். மூன்று பெயர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறேன் என்றால், உங்கள் மகன் அமெரிக்கக் குடிமகன் இல்லை. இப்போது ஓபிடியில், அதாவது படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் அனுமதியில் இருக்கிறான். படித்தது எலக்ட்ரிகல் என்பதால் 12 மாதத்தோடு, அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதமும் கிடைக்கும். இந்த ஓபிடி காலத்தில் வேலையில்லாமல் இருக்க 90 நாள்தான் அனுமதி; நீட்டிப்பும் கிடைத்தால் மொத்தம் 150 நாள். அப்புறம் ஹெச்-1பி என்ற வேலை விசா கிடைத்துவிட்டால் இன்னும் இறுக்கம். வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளுக்குள் இன்டர்வியூ, ஆஃபர், புது கம்பெனி விசா மனு போடுவது எல்லாம் முடிய வேண்டும். சான் ஹோசேயில் இருப்பவன் எதிர்த்த கட்டடத்துக்கு இன்டர்வியூவுக்கு நடந்து போவான். சின்ன ஊரில் இருப்பவன் வாடகை ஒப்பந்தத்தை முறித்து, சாமானைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஐந்து மணி நேரம் ஓட்டி சால்ட் லேக் சிட்டிக்குப் போக வேண்டும். அதுதான் பக்கத்திலிருக்கும் பெரிய ஊர், சுமார் 340 மைல்.

“அதே மாநிலத்தில் வேறு வேலை இருக்காதா?” என்பீர்கள். ஐடஹோ நேஷனல் லேப் என்ற அரசு அணுசக்தி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது, பெரிய இடம்தான். ஆனால் அது ஐடஹோ ஃபால்ஸ் பக்கம், பாய்ஸியிலிருந்து நான்கு மணி நேரம். தவிர அங்கே பல வேலைகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள். அமெரிக்காவின் மேற்கே பல சின்ன ஊர்களில் இப்படித்தான். வேலை இருப்பதுபோலத் தெரியும், நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்காது.

இப்போது ஒரே ஊர், இரண்டு விடை என்பதைக் காட்டுகிறேன். சிப் தயாரிக்கும் ஆலைக்குள் வேஃபர் என்ற சிலிக்கான் தட்டின்மேல் படலம் படியவைக்கிற, செதுக்குகிற பிராசஸ் இன்ஜினியர் ஒருவர் பாய்ஸிக்குப் போகலாமா என்று கேட்டால் நான் பத்து முறை யோசிக்கச் சொல்வேன். அந்த வேலைக்கு அந்த ஊரில் பெரிய முதலாளி ஒருவர்தான். கருவி விற்கும் கம்பெனிகள் ஆலைப் பக்கத்தில் ஆட்களை வைத்திருப்பார்கள் என்பது உண்மை, ஆனால் ஆலை தும்மினால் அவர்களுக்கும் சளி பிடிக்கும். மெமரி சிப் வியாபாரம் ஏற்றமும் இறக்கமுமாக ஓடுவது. 2009இல் பாய்ஸியில் பழைய 200 மில்லிமீட்டர் வேஃபர் உற்பத்தியை நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தபோது சுமார் 2,000 பேர் வேலை கேள்விக்குள்ளானது. 2022 டிசம்பரில் உலகம் முழுக்க 10 சதவீத ஆட்குறைப்பு என்று அறிவித்து, பிறகு அதையும் கூட்டினார்கள். அதே 2022இல்தான் பாய்ஸியில் 1,500 கோடி டாலரில் புது ஆலை கட்டுவதாகவும் அறிவித்தார்கள். கட்டுவதும் அவர்கள்தான், குறைப்பதும் அவர்கள்தான்.

உங்கள் மகன் செய்வது ஃபர்ம்வேர். அதாவது சாதனத்துக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள். இது வேறு கதை. அவனுக்கு ஆஃபர் கொடுத்திருப்பது நடுத்தரக் கம்பெனி. அதை விட்டால் பிரிண்டர் பக்கம் ஹெச்பி, மெமரி பக்கம் மைக்ரான் என்று இரண்டு பெயரை நானே சொல்லிவிடுவேன். மூன்றாவதை அவன் கண்டுபிடிக்கட்டும். லிங்க்ட்இன்னில் ‘பாய்ஸி’, ‘ஃபர்ம்வேர்’ என்று போட்டு, அங்கே இந்த வேலையில் இருப்பவர்கள் இதற்கு முன் எங்கே இருந்தார்கள், அதே ஊருக்குள் கம்பெனி மாறியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாலை வேலை. வேலை விளம்பரங்களை நம்ப வேண்டாம், ஆட்களின் நடமாட்டத்தைப் பார்க்கட்டும்.

சின்ன ஊருக்குச் சாதகமான ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெச்-1பிக்கு அரசு ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு சம்பள நிலை வைத்திருக்கிறது. 2025 கடைசியில் வந்த விதிப்படி, இந்த விசா யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் முதல் நிலைக்கு ஒரு சீட்டு, இரண்டாம் நிலைக்கு இரண்டு, இப்படி நான்கு வரை. சான் ஹோசேயில் ஊர்ச் சம்பளமே உச்சத்தில் இருப்பதால் அங்கே 1,35,000 முதல் நிலையிலேயே நின்றுவிடக்கூடும். பாய்ஸியில் 1,08,000 அதற்கு மேல் உள்ள நிலைக்கு ஏறலாம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் ஊரையும் தொழிலையும் போட்டால் நான்கு எண்ணும் வரும். எந்தத் தொழில் தலைப்பில் மனு போடுவார்கள் என்று ஹெச்ஆரிடம் கேட்டு, அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த சம்பளமே இங்கே அவனுக்கு உதவலாம் என்பது உங்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும்.

கிரீன் கார்டு பக்கம் கொஞ்சம் இடறல். முதல் படியான பெர்ம், அதாவது கம்பெனி தொழிலாளர் துறையிடம் போடும் மனு, கம்பெனியையும் வேலை செய்யும் இடத்தையும் ஒட்டியது. அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வேலையில் ஆறு மாதத்துக்குள் கம்பெனி ஆட்குறைப்பு செய்திருந்தால், வெளியே போனவர்களுக்கு முதலில் சொல்லி, அவர்களைப் பரிசீலிக்க வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று பல கம்பெனிகள் பெர்மையே தள்ளிப்போட்டுவிடும். எத்தனை மாதத்தில் பெர்ம் தொடங்குவார்கள் என்று ஈமெயிலில் கேட்டு, ஈமெயிலிலேயே பதில் வாங்கட்டும். போனில் “கண்டிப்பா செய்வோம்” என்று சொன்னதெல்லாம் கணக்கில் சேராது.

அப்புறம், நான் ஒரு முறை சறுக்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் இதே மாதிரி மேற்கில் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். சம்பளம், வாடகை, விசா எல்லாம் சரிபார்த்தேன். இடம் மாறும் செலவுக்குக் கம்பெனி 8,000 டாலர் தருவதாக லெட்டரில் இருந்தது. நல்லது என்று மேலே போய்விட்டேன். கைக்கு வந்தபோது வரி பிடித்துக்கொண்டு ஐயாயிரத்துச் சொச்சம். 2018 முதல் அந்தத் தொகை சம்பளமாகவே கணக்காகும், கம்பெனி கிராஸ்-அப் செய்து வரியை ஏற்றுக்கொண்டால் ஒழிய. அதைவிட மோசம், மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது: ஒரு வருடத்துக்குள் தானாக விலகினால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும். ஒன்பதாவது மாதம் மேலாளரோடு ஒத்துப்போகாமல் விலகினாள். கையில் வாங்காத பணத்தையும் சேர்த்து 8,000 கேட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்து, அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டினாள். படிக்க வேண்டியவன் நான். உங்கள் மகனின் பாய்ஸி லெட்டரில் இதே ஷரத்து ஏழாவது பத்தியில் இருக்கிறது, 24 மாதம் என்று. “ஒரு வருடமாகக் குறையுங்கள், மாதத்துக்கு மாதம் கழியும்படி எழுதுங்கள்” என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். தினமும் கேட்கப்படும் விஷயம்தான்.

மலை விஷயத்துக்கு வருவோம். அவன் ஊரைப் பார்த்தது ஜூனில், இன்டர்வியூவுக்குப் போனபோது. ஜூனில் பாய்ஸியில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், யாருக்குத்தான் பிடிக்காது? டிசம்பர் கடைசியில் காலை எட்டே காலுக்குத்தான் சூரியன் உதிக்கும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு இருட்டு. குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்குள் குளிர்காற்று மூடிபோட்டதுபோல அடைபட்டு, சில சமயம் நாள்கணக்கில் மலையே தெரியாது. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை. அவன் மலைக்காகப் போகிறான் என்றால், மலை காணாமல்போகும் வாரங்களைப் பற்றியும் அங்கே இருக்கும் யாரிடமாவது கேட்கட்டும்.

தனிமை பற்றி நீங்கள் எழுதாமலே எழுதியிருந்தீர்கள். நம் ஆட்கள் அங்கே உண்டு, கூட்டம் இல்லை. சான் ஹோசேயில் வாரம் ஒரு வீட்டில் சாப்பாடு கிடைக்கும், பாய்ஸியில் அவனே நாலு பேரைத் தேடிப் போக வேண்டும். உங்கள் மகன் அப்படிப்பட்டவனா? கல்லூரியில் அறைத்தோழன் ஊருக்குப் போன விடுமுறைகளில் என்ன செய்தான் என்று யோசித்துப் பாருங்கள், விடை அதில் இருக்கும். பாய்ஸியில் ஒரு ஆறுதலான தெரு உண்டு. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்கள் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே வாழ்கிறார்கள். பாஸ்க் பிளாக் என்று தனிப் பகுதி, அருங்காட்சியகம், நடனம், மொழி எல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சின்னக் கூட்டம் ஒரு சின்ன ஊரில் தொலைந்துதான் போகும் என்று கட்டாயம் இல்லை.

என் கணிப்பு கேட்டீர்கள். ஃபர்ம்வேர் வேலைக்கு, மூன்றாவது பெயர் கிடைத்து, பெர்ம் காலக்கெடு எழுத்தில் வந்து, அந்த 24 மாத ஷரத்து இளகினால் பாய்ஸிக்குப் போகட்டும் என்பேன். மூன்றில் ஒன்றுமே நடக்காவிட்டால் சான் ஹோசே. நடுவில் ஏதாவது வந்தால் பேசிக்கொள்வோம்.

ஆஃபருக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் என்றிருக்கிறது. ஒரு வாரம் கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் இருப்பேன். ஹெச்ஆருக்கு அனுப்பும் ஈமெயிலை எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடட்டும், அனுப்புவதற்கு முன் ஒரு முறை சேர்ந்து படித்துவிடலாம். இந்த முறை மூன்றாம் பக்கத்தையும் நானே படிக்கிறேன்.