மறுமொழி: 470 மீட்டர் சங்கிலி ஏன் பத்தாது?

கோலாலம்பூர் மாணவத் தம்பிக்கு,

மிதக்கும் ரிக்கை (எண்ணெய்த் துளையிடும் மேடை) நங்கூரத்தோடு பிணைக்கும் சங்கிலி எவ்வளவு நீளம் வேணும் என்று கேட்டிருந்தீர்கள். திரங்கானு கடலில் 70 மீட்டர் ஆழம், 76 மி.மீ. ஸ்டட் சங்கிலி (கண்ணியின் நடுவே குறுக்குக் கட்டை உள்ளது), அதில் 2000 கிலோநியூட்டன் இழுவை. உங்களுக்கு 470 மீட்டர் வருகிறது, மேற்பார்வையாளர் பத்தாது என்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

நீங்கள் போட்டது காற்றில் உள்ள எடை, மீட்டருக்கு சுமார் 126 கிலோ. தண்ணீருக்குள் அதில் 87 விழுக்காடுதான் மிஞ்சும். அதாவது மீட்டருக்கு 1.08 கிலோநியூட்டன். இழுவையை இரட்டித்து அந்த எடையால் வகுங்கள், ஆழத்தைக் கழியுங்கள், மீதியை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 504 மீட்டர் வரும். ஆழத்தை ஃபேர்லீடிலிருந்து (சங்கிலி ரிக்கை விட்டு இறங்கும் வழிகாட்டி) அளக்கணும், நீர்மட்டத்திலிருந்து அல்ல.

உங்கள் கணக்கில் குறையும் அந்த 34 மீட்டர்தான் ஆபத்து. இழுவை நங்கூரம் (இழுக்க இழுக்க மண்ணில் புதையும் வகை) படுக்கைவாட்டு இழுப்பைத்தான் தாங்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணி தரையை விட்டு எழும்பினால் நங்கூரத்தின் தண்டும் நிமிரும், அதன் கொக்கி மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்துவிடும். ரிக்கைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தரையில் கிடக்கும் சங்கிலிக்கும் அதில் பங்குண்டு.

504-உம் குறைந்தபட்சம்தான். ஒரு சங்கிலி அறுந்த நிலைக்கும் கணக்குப் போடுங்கள். பக்கத்துச் சங்கிலியில் இழுவை 3000 கிலோநியூட்டனாக ஏறினால் 620 மீட்டர் வேணும். வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் அதை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று: சங்கிலியின் தேய்மானத்தை, கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் வளைவில் அளக்கணும். கண்ணியின் நேரான நடுப்பகுதியில் காலிப்பரை (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் எல்லாமே புதுசாகத்தான் தெரியும்.