பிறந்த ஆட்டுக்குட்டி காம்பைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

உங்கள் கையில் இப்போதே ஒரு குட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாலைக் கீழே வைத்துவிட்டு, குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள்.

இதை ஒரு குட்டியைச் சாகக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நான்கு மலபாரி வெள்ளாடுகள் வைத்திருக்கிறோம். அந்த இனம் இரண்டு, மூன்று குட்டி போடுவது சாதாரணம். காம்பு இரண்டுதானே? மூன்று வருடத்துக்கு முன் ஆனி மாதம், கணவாய்க் காற்று கொட்டகைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த ராத்திரியில் ஒரு ஆடு மூன்று போட்டது. இரண்டு கிடாய்க்குட்டிகள் எழுந்து காம்பைச் சப்பி ஊட்ட ஆரம்பித்துவிட்டன. மூன்றாவது பெட்டை, ஒன்றரைக் கிலோகூட இருக்காது, ஈரத்தோடு கிடந்தது. பதற்றத்தில் அதன் தலையைப் பிடித்து மடியில் அமுக்கினேன். பிடிக்கவில்லை. சீம்பாலைக் கறந்து, குட்டியைத் தொடைமேல் மல்லாக்கப் போட்டுக் கரண்டியால் ஊற்றினேன். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று அப்போது தெரியாது. மூக்கு வழியாகப் பால் வந்தது. விடிவதற்குள் போய்விட்டது.

அடுத்த ஈற்றிலும் அதே ஆடு மூன்று போட்டது. இந்த முறை அம்மாயி (அம்மாவின் அம்மா) பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சின்னதைத் துடைத்து, சாக்கில் சுற்றி, அடுப்படியில் வைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வாய் கதகதப்பானது, விரலைச் சப்பியது. அப்புறம்தான் தாயிடம் கொண்டு போனோம்.

காம்பு நுனியில் மெழுகு மாதிரி அடைத்திருக்கும். இரண்டு மூன்று தடவை பீய்ச்சி அதைத் திறந்துவிட வேண்டும். மடி இறுகிக் காம்பு தடித்திருந்தால் சின்ன வாய்க்குள் போகாது, கொஞ்சம் கறந்துவிடுங்கள். நான் மறுபடியும் தலையைப் பிடிக்கப் போனேன். "தலைய அமுக்காத கண்ணு, அமுக்குனா பின்னாலதான் இழுக்கும். வாலடியத் தடவிவுடு" என்றார் அம்மாயி. தாய் முகர்ந்து நக்குகிற இடம் அது. தடவியதும் குட்டி தானாகவே முட்டி முட்டித் தேடியது. உதட்டில் ஒரு சொட்டுப் பாலைத் தடவினேன், பிடித்துக்கொண்டது. வால் படபடவென்று ஆடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய காலத்து வைத்தியம் என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் வெள்ளாட்டுக்குட்டிக்குக் கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்பு வருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான் வருகிறது. குடல் அதை ஏற்பதும் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றுவிடும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும், அதையும் நான்கைந்து தடவையாக. முதல் தடவை ஒரு மணி நேரத்துக்குள் நடந்தால் நல்லது. மூன்று குட்டி என்றால் பெரிய இரண்டையும் அவ்வப்போது பிடித்து வைத்துக்கொண்டு சின்னதை ஊட்டவிடுங்கள். வயிறு ஒட்டிப்போய்க் கத்திக்கொண்டே இருக்கும் குட்டி வெறும் காம்பைத்தான் சப்புகிறது.

இதையெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பிலும் சொன்னார்களாம். கையேடு முழுக்க மலையாளத்தில். என் அம்மா தமிழ்ப் பள்ளியில் படித்தவர், ஒரு வரி வாசிக்க முடியவில்லை. தமிழில் கேட்டதற்கு, "இத்தனை வருஷம் இங்கே இருந்தும் படிக்கவில்லையா?" என்றார்கள். எல்லை தாண்டிப் பொள்ளாச்சி சந்தைக்குப் போனால் எங்களை மலையாளத்துக்காரர் என்கிறார்கள், இங்கே பாண்டிக்காரர், அதாவது தமிழ்நாட்டுக்காரர் என்கிறார்கள். நாலு தலைமுறையாக இதே மண்ணில் ஆடு மேய்க்கிறோம்.

சரி, உங்கள் குட்டிக்கு வருகிறேன். சூடு காட்டியும் வாய் சில்லென்றே இருந்தால், தலை தொங்கினால், என் பதிலை நம்பிக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குழாய் வழியாகப் பால் கொடுப்பதை அவர் கையால் செய்யட்டும். விடிந்ததும் குட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.