தீவில் ஆப்டிமைசேஷன் (மிகச் சிறந்த விடையைத் தேடும் கணிதம்) பட்டறை: சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்குக் கேள்வி பதில்

பார்படாஸ் தீவின் ஹோல்டவுனில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெல்லேர்ஸ் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே நடப்பது போன்ற, அழைப்பின் பேரில் சிலர் மட்டும் கூடும் பட்டறைகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

தரமணி, ஆய்வு மாணவி: சார், எத்தனை ஸ்லைடு தயாரிக்கணும்?

பெரும்பாலும் ஸ்லைடே வேண்டாம். இந்த மாதிரி இடத்துக்கு இன்னும் யாரும் தீர்க்காத கணக்கைத்தான் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு கணக்கைப் பலகையில் சொல்வார்கள். பிடித்ததைச் சுற்றி நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். பத்து நிமிஷத்துக்குள் கேள்வி, தெரிந்த மேல் வரம்பு கீழ் வரம்பு, தீராமல் நிற்கும் மிகச் சிறிய நேர்வு, எந்த வழி எங்கே ஏன் முட்டியது என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் குழு முழுக்க இரண்டு நாள் அதே சுவரில் போய் முட்டும்.

கணக்கின் அளவும் முக்கியம். எல்லா ஊரையும் மிகக் குறைந்த தூரத்தில் சுற்றிவரும் வழியைத் தேடும் பயண விற்பனையாளர் கணக்கின் 4/3 யூகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கணக்கைத் தளர்த்தினால் கிடைக்கும் கீழ் வரம்பைவிட உண்மை விடை 4/3 மடங்குக்கு மேல் போகாது என்பதுதான் அந்த யூகம். கணித ஆய்வாளர் வோல்சி 1980இல் 3/2 மடங்குக்கு மேல் போகாது என்று காட்டினார். 2020க்குப் பிறகுதான் அதற்குக் கீழே மயிரிழை இறங்க முடிந்தது. ஒரு குறிப்பிட்ட வகை கிராஃபுக்கு (புள்ளிகளும் இணைப்புக் கோடுகளும் கொண்ட வலைக்கு) மட்டும் என்று சுருக்கினால், ஒரு வாரத்தில் ஏதாவது கைக்கு வரும்.

கிண்டி, எம்.டெக்.: காலேஜ் குரோபி லைசென்ஸ் போதுமா?

குரோபி என்பது இந்த மாதிரி கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள், அதாவது சால்வர். உங்கள் லைசென்ஸ் எந்த வகை என்று பாருங்கள். வெப் லைசென்ஸ் என்றால் அது இணையத்தில் டோக்கன் வாங்கித்தான் ஓடும். தீவில் நெட் போனால் சால்வரும் போச்சு. லேப்டாப்போடு கட்டிய தனிநபர் லைசென்ஸை, கேம்பஸ் நெட்டில் இருக்கும்போதே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். ஹைஸ், ஸ்கிப் என்ற சால்வர்கள் இரண்டும் இலவசம். அவற்றையும், மிப்லிப் 2017 என்ற சோதனைக் கணக்குத் தொகுப்பில் தேவையான கோப்புகளையும் இங்கேயே இறக்கிவையுங்கள்.

சிறுசேரி: சால்வர் எதிர்க்காட்டு (யூகத்தைப் பொய்யாக்கும் உதாரணம்) கொடுத்தால் அப்படியே நம்பலாமா?

கூடாது. ஹைஸிலும் ஸ்கிப்பிலும் சகிப்பு எல்லை, அதாவது சால்வர் கண்டுகொள்ளாமல் விடும் பிழை, வழக்கமாக 0.000001. y பூஜ்யமானால் x-உம் பூஜ்யமாக வேண்டும் என்பதற்காக x ≤ My என்று எழுதி (y 0 அல்லது 1, M ஒரு பெரிய எண்) M-க்குப் பத்து லட்சம் கொடுத்தால், y = 0.000001 என்பதை சால்வர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் x ஒன்று வரை போய்விடும். மூடியிருக்க வேண்டிய கதவு திறந்தே கிடக்கும். x-இன் உண்மையான உச்ச அளவைக் கணக்கிட்டு M-ஐ அதற்கு இறக்குங்கள். விடை வந்ததும் முழு எண் மாறிகளை ரவுண்ட் செய்து நிறுத்தி, மீதி மதிப்புகளைப் பின்னமாகத் தீர்த்து, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும், பின்னங்களைத் துல்லியமாகக் கணக்கிடும் பைத்தான் ஃப்ராக்‌ஷனில் சரிபாருங்கள். இது முடிகிறவரை பலகையில் ‘எதிர்க்காட்டு’ என்று எழுத வேண்டாம்.

வேளச்சேரி: விசா?

பார்படாஸுக்குக் குறுகிய காலப் பயணம் போகும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட முகவரி, அழைப்புக் கடிதம் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். லண்டன் வழியாகப் போனால் சிக்கல் அங்கேதான். விமானம் மாற மட்டும் என்றாலும் நம் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக டிரான்சிட் விசா வேண்டும். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றான காட்விக்கில் ஏறும்படி டிக்கெட் போட்டால் பிரிட்டன் எல்லையைத் தாண்ட வேண்டும். விசா வகையே மாறும். டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மயிலாப்பூர்: அம்மா ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க...

வேண்டாம்மா. அங்கே 115 வோல்ட். நம்ம 230 வோல்ட் குக்கருக்குக் கால் பங்கு சக்திதான் கிடைக்கும், சோறு வேகாது. லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. தட்டைப் பின் அடாப்டர் மட்டும் ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். ராணுவச் சீருடை மாதிரி டிசைன் (கேமஃப்ளாஜ்) போட்ட சட்டை, பை எதுவும் எடுக்காதீர்கள். அங்கே அது சட்டப்படி குற்றம். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மான்சினீல் மரத்தடியில் மழைக்கு ஒதுங்கக் கூடாது. அதன் பால் பட்ட மழைத்துளி தோலைக் கொப்பளிக்க வைக்கும், பழம் விஷம்.

அடையாறு: பேப்பரில் பெயர் வரிசை எப்படி?

கணிதத்தில் பெரும்பாலும் குடும்பப் பெயரின் அகர வரிசை. நமக்கு இன்ஷியல்தான் தொல்லை: எந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவது என்று முதல் பேப்பரிலேயே முடிவுசெய்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யார் யார், முதல் வரைவு யார் எழுதுவது, அடுத்த வீடியோ கால் எப்போது என்பதை, ஊர் திரும்ப விமானம் ஏறும் முன் பேசிவிடுங்கள். அங்கே காலை 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30.