பந்து நம்மிடம், கோல் அவர்களிடம்

அன்புள்ள ஐயா,

கால்பந்துப் பயிற்சியாளராக ஓர் அணியை நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 24-இல் ஸ்வான்சி சிட்டி அணியை நடத்திவருகிறேன். பள்ளி நாட்களில் பார்த்த பார்சிலோனாவைப் போல என் அணியும் பந்தை விட்டுக்கொடுக்காமல் ஆடவேண்டும் என்பது என் ஆசை. அமைப்பு 4-3-3 (தடுப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்). மனநிலை ‘காஷியஸ்’, அதாவது எச்சரிக்கையான ஆட்டம். குறுகிய பாஸ், குறைந்த வேகம், தூரத்திலிருந்து அடிக்காமல் பந்தைப் பெனால்டி பெட்டிக்குள் கொண்டுபோகச் சொல்லும் ‘வொர்க் பால் இன்டு பாக்ஸ்’ மூன்றையும் வைத்திருக்கிறேன். இரு விங்கர்களும் உள்ளே வந்து பந்து வாங்குகிறவர்கள். நடுவில் ‘ஃபால்ஸ் நைன்’, அதாவது கீழே இறங்கிவந்து ஆடும் முன்கள வீரர். பக்கத் தடுப்பாளர்கள் இருவரும் நடுவுக்கு வந்து ஆடும் ‘இன்வர்ட்டட் விங் பேக்’. பெரும்பாலானோருக்கு முன்னேறிப் பாயாமல் துணை நிற்கும் ‘சப்போர்ட்’ பணி.

ஒவ்வொரு ஆட்டத்திலும் 65 சதவீதம் பந்து எங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் 11 ஆட்டங்களில் 7 கோல்கள்தான் அடித்திருக்கிறோம். எதிரணி இரண்டு முறை எங்கள் பக்கம் வந்தால் ஒன்று கோலாகிவிடுகிறது. நடுக்களத்தில் மூவருக்குமே பாஸிங் திறன் 20-க்கு 14-க்கு மேல். யாரோ செய்துவைத்த வியூகத்தை இறக்கிப் போட்டு வெல்ல மனம் வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

ர.

அன்புள்ள ர.,

யாரோ செய்துவைத்த வியூகத்தைப் போட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகவே விரிவாகப் பதில் எழுதுகிறேன். இந்த விளையாட்டின் சுவை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மனத்தில் ஓர் ஆட்டத்தைக் கண்டு, அதைப் பதினொரு பேரின் கால்களுக்கு மெல்ல மெல்லக் கொண்டுசேர்ப்பது. அதற்கு ஒரு பருவம் முழுவதும் ஆனாலும் தகும்.

உங்கள் அமைப்பைப் படித்ததும் ஒரு கேள்வி எழுந்தது. பந்தை விட்டு விலகி ஓடுகிறவர் உங்கள் அணியில் யார்? விங்கர்கள் உள்ளே வருகிறார்கள். முன்கள வீரர் கீழே இறங்கிவருகிறார். பக்கத் தடுப்பாளர்களும் நடுவுக்கே வருகிறார்கள். எல்லோரும் பந்தை நோக்கி நடக்கிறார்கள். எதிரணி தன் பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றால் போதும், அவர்களை அங்கிருந்து நகர்த்த உங்களிடம் ஒருவரும் இல்லை. நீங்கள் வைத்திருக்கும் அந்த 65 சதவீதம் அவர்கள் மனமுவந்து கொடுத்தது.

நீங்கள் எடுத்திருக்கும் கிளப்பிடமே இதற்கு விடை இருக்கிறது. 2007-இல் ஸ்வான்சி இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் இருந்தபோது ராபர்டோ மார்ட்டினெஸ் பயிற்சியாளராக வந்தார். பந்தைத் தரையில் வைத்துப் பொறுமையாக ஆடும் பழக்கத்தை அங்கே ஊன்றினார். அவருக்குப் பின் பாலோ சூசா, பிறகு பிரெண்டன் ராட்ஜர்ஸ் என்று ஆட்கள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. 2011 மே 30 அன்று வெம்ப்ளியில் ரெடிங் அணியை 4-2 என்று வென்று, பிரீமியர் லீகில் நுழைந்த முதல் வேல்ஸ் கிளப் ஆனது ஸ்வான்சி. முதல் பருவத்திலேயே 11-ஆம் இடம். அந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் நடுக்கள வீரர் லியோன் பிரிட்டனைச் சொல்வார்கள். குள்ளமான உருவம், அலட்டல் இல்லாத ஆட்டம், தவறவே தவறாத பாஸ். நியாயமான புகழ்தான்.

ஆனால் பிரிட்டனுக்கு நடுவில் அத்தனை இடம் எப்படிக் கிடைத்தது? ஒரு பக்கக் கோட்டோரம் நாதன் டயர் நின்றார், மறுபக்கம் ஸ்காட் சின்க்ளேர். இருவரும் வேகக்காரர்கள். அவர்களை விட்டு நகர எதிரணியின் பக்கத் தடுப்பாளர்களுக்குத் துணிவு வரவில்லை. தடுப்பு வரிசை அகலமாக விரிந்தது, நடுவில் சந்து பிறந்தது. வெம்ப்ளியில் அந்த நான்கு கோல்களில் மூன்றை அடித்தவர் சின்க்ளேர். 2012 ஜனவரியில் ஜெர்மன் கிளப்பான ஹோஃபன்ஹைமிலிருந்து கில்ஃபி சிகுர்ட்சன் கடனாக வந்தார், 18 லீக் ஆட்டங்களில் 7 கோல்கள் அடித்தார். நடுக்களத்திலிருந்து பெட்டிக்குள் காலம் பார்த்து நுழையும் ஆள் அவர். அதே ஜனவரியில் ஆர்சனலுடன் ஆடியபோது 69-ஆம் நிமிடம் ஆர்சனல் 2-2 என்று சமன் செய்தது. மறுநிமிடமே ஸ்வான்சியின் டேனி கிரஹாம் மூன்றாவது கோலை அடித்து ஆட்டத்தை முடித்தார். பொறுமைக்குப் பெயர் போன அணி எப்போது பாயவேண்டும் என்பதையும் அறிந்திருந்தது.

உங்கள் ஆதர்சமான பார்சிலோனாவுக்கும் இதுவே பொருந்தும். 2009 மே 2 அன்று மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட்டை 6-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில்தான் பயிற்சியாளர் குவார்டியோலா மெஸ்ஸியை நடுவில் வைத்துக் கீழே இறங்க விட்டார். தடுப்பாளர்கள் திகைத்தார்கள். பின்னால் போனால் முதுகுக்குப் பின் இடம், போகாவிட்டால் மெஸ்ஸிக்கு இடம். அந்தத் திகைப்பு உண்டாகக் காரணம் இரு பக்கமும் பாய்ந்து ஓடக் காத்திருந்த ஆன்ரியும் எட்டோவும். ஆன்ரி அன்று இரண்டு கோல் அடித்தார். ஓடுகிறவர்கள் இல்லாத ‘ஃபால்ஸ் நைன்’ ஒரு கூடுதல் நடுக்கள வீரர், அவ்வளவுதான்.

ஓடுகிறவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயின் காட்டியது. மொராக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ்கள், கோலை நோக்கிப் போனது ஒரே ஒரு ஷாட். பெனால்டியில் மூன்றையும் தவறவிட்டு வெளியேறினார்கள். அந்த ஆட்டத்தை மனம் கனத்துப் பார்த்தேன். உங்கள் 11 ஆட்டங்கள் அதை நினைவுபடுத்துகின்றன.

இனி உங்கள் திரைக்கு வருவோம். இந்த விளையாட்டில் அணியின் மனநிலையே வேகம், பாஸின் நீளம், வீரர்கள் எடுக்கும் துணிவு எல்லாவற்றையும் அடியிலிருந்து மாற்றுகிறது. ‘காஷியஸ்’ வைத்ததுமே அணி நிதானமாகிவிட்டது. அதன்மேல் குறுகிய பாஸ், குறைந்த வேகம். ஒரே கட்டளையை மூன்று முறை இட்டிருக்கிறீர்கள். மனநிலையைச் சமநிலையான ‘பாலன்ஸ்ட்’ அல்லது சற்றே துணிவான ‘பாசிட்டிவ்’ ஆக்குங்கள், குறுகிய பாஸை மட்டும் விட்டுவையுங்கள், வேகத்தை இயல்புக்குக் கொண்டுவாருங்கள். ‘வொர்க் பால் இன்டு பாக்ஸ்’ கட்டாயம் நீங்கவேண்டும். அடைத்து நிற்கும் அணிக்கு எதிரே அது உங்கள் வீரர்களை இன்னும் ஒரு பாஸ், இன்னும் ஒரு பாஸ் என்று அலைக்கழிக்கிறது.

இடது விங்கரைக் கோட்டோரம் நிற்கும் சாதாரண ‘விங்கர்’ ஆக்கி, முன்னேறிப் பாயும் ‘அட்டாக்’ பணி கொடுங்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் இடது தடுப்பாளர் இப்போதுபோல உள்ளே வரட்டும். வலப்பக்கம் இதற்கு நேர்மாறு: விங்கர் ‘இன்சைட் ஃபார்வர்ட்’, ‘அட்டாக்’ பணியோடு தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடட்டும். அவர் காலி செய்யும் கோட்டோரத்தில் வலது தடுப்பாளர் ஏறிவரட்டும். நடுக்கள மூவரில் இடப்பக்கம் ஆடுகிறவருக்கும் ‘அட்டாக்’ பணி, சிகுர்ட்சனின் வேலை. ‘ஃபால்ஸ் நைன்’ இருக்கட்டும், இப்போது அவருக்கு அர்த்தம் உண்டு.

பாஸிங் 14 என்று மகிழ்ந்திருந்தீர்கள். நான் ஆள் எடுக்கும்போது அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். 20-க்கு எவ்வளவு என்று முதலில் பார்ப்பது ‘ஃபர்ஸ்ட் டச்’ (வரும் பந்தை முதல் தொடுதலில் அடக்குவது), ‘டிசிஷன்ஸ்’ (சரியாக முடிவெடுப்பது), ‘ஆஃப் தி பால்’ (பந்து இல்லாதபோது நகர்வது). நெருக்கடியில் வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கத் தெரியாதவருக்குப் பாஸிங் 17 இருந்தும் பயனில்லை. அடித்து அனுப்பவேண்டிய நேரம் அதற்குள் போயிருக்கும்.

நீங்கள் வாங்கும் கோல்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 2010-இல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் அடித்தவை 8 கோல்கள். நாக் அவுட் ஆட்டங்கள் நான்கிலும் 1-0. குறைவாக அடித்தும் கோப்பையை வெல்ல முடிந்ததற்குக் காரணம், மொத்தத் தொடரிலும் வாங்கியவை இரண்டே கோல்கள் என்பது. பந்தை வைத்திருப்பதே அவர்களுக்குத் தடுப்பாக இருந்தது. பந்தை இழக்கும் கணத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது. உங்கள் அணியில் பக்கத் தடுப்பாளர்கள் இருவரும் நடுவில் ஏறி நிற்க, இருபுறமும் கோட்டோரம் திறந்து கிடக்கிறது. எதிரணியின் ஒரே ஒரு நீண்ட பந்துக்கு அது போதும். நான் மேலே சொன்ன மாற்றத்தில் மத்தியத் தடுப்பாளர்கள் இருவர், அவர்களுக்கு முன்னால் இடது தடுப்பாளரும் ‘டிஃபெண்ட்’ பணியிலுள்ள நடுக்கள வீரரும் என்று நால்வர் எப்போதும் பின்னால் இருப்பார்கள். அதற்குப் பிறகு, பந்தை இழந்த உடனே துரத்தச் சொல்லும் ‘கவுன்ட்டர் பிரஸ்’ போடுங்கள். நால்வர் காவல் இருப்பதால் முன்னால் இருக்கும் ஆறு பேரும் இழந்த பந்தைத் துணிந்து துரத்தலாம்.

2025 நவம்பரில் வந்த இந்த விளையாட்டின் பதிப்பில் பந்து இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது வேறோர் அமைப்பு என்று தனித்தனியாக வரைய முடிகிறது. இந்தச் சிக்கலுக்கு அது நேரான வழிதான். ஆனாலும் 24-ஐ இப்போதே விட்டுவிடாதீர்கள்.

மாற்றங்களைச் செய்தபின் முதல் சில ஆட்டங்கள் தடுமாறும். வீரர்களுக்குப் புதிய வியூகம் பழக வாரங்கள் ஆகும், அதுவரை தொடாதீர்கள். முக்கியக் காட்சிகளை மட்டும் பார்ப்பதை நிறுத்தி, அடுத்த ஆட்டத்தின் முதல் இருபது நிமிடங்களை முழுமையாகப் பாருங்கள். பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல் இடது விங்கரை மட்டும் கவனியுங்கள். பந்து வலப்பக்கம் இருக்கும்போதும் எதிரணியின் வலது தடுப்பாளர் அவரை விட்டு நகராமல் நிற்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.